தெரிஞ்சவங்களுக்கு என்ன விலை?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் ஒருவர், பாங்க்கிலோ ஐ.டி. கம்பெனியிலோ நல்ல வேலையில் இருப்பவர், திடீரென்று கத்தி செய்ய ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு உலை. பட்டறைக் கல்லுக்குப் பதில் ஒரு துண்டுத் தண்டவாளம். காயலான் கடையில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி, அடித்து, ராவி, கைப்பிடி போட்டு, ஒரு சமையலறைக் கத்தியை உங்கள் முன்னால் வைக்கிறார். கொஞ்சம் கோணல்தான். ஆனால், தக்காளி மீது வைத்தால் போதும், வெண்ணெயாக இறங்குகிறது. 'அடடே, எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுப்பா!' என்கிறீர்கள். அடுத்த கேள்வியில் இரண்டு பேருமே நெளிகிறீர்கள். 'எவ்வளவு?'

நான் படித்தது பி.காம். 'காஸ்ட்டிங்' பேப்பரில் கற்றுக்கொடுத்ததை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். இரும்பு 50 ரூபாய், கைப்பிடி மரமும் ஆணியும் 150, தேய்ப்பதற்கான உப்புத்தாள், பெல்ட், பசை 200, கரி 100. ஆக 500. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்திருக்கிறார். ஒரு தச்சருக்குக் கொடுக்கும் நாள் கூலியாக 900 போட்டால்கூட 1,800. மொத்தம் 2,300 ரூபாய். பாத்திரக் கடையில் 200 ரூபாய்க்குப் பளபளவென்று கத்தி கிடைக்கிறது. நீங்கள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த தொகை 300.

இன்னும் கணக்கு முடியவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயிலோ தண்ணீரிலோ சடாரென்று தோய்க்கிறார்களே, துவைச்சல் என்பார்கள், கத்திக்கு உயிர் வருவது அந்த நொடியில்தான். போவதும் அப்போதுதான். 'டிங்' என்று ஒரு சின்ன சத்தம். அவ்வளவுதான், விரிசல்! புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குப் பத்தில் மூன்று இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். காஸ்ட்டிங் புத்தகத்தில் இதற்கு 'நார்மல் லாஸ்' என்று பெயர். கெட்டுப்போன மூன்றின் செலவையும் நன்றாக வந்த ஏழின் தலையில் ஏற்ற வேண்டும். விலை 3,000-ஐத் தாண்டிவிடுகிறது. நண்பரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? 'நான் உடைச்ச மூணு கத்திக்கும் சேர்த்து நீ காசு குடு' என்றா?

ஒருவர் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளும் காலத்துச் செலவு யாருடையது? இதற்கு நம் ஊரில் ஒரு காலத்தில் தெளிவான பதில் இருந்தது. ஓலைச்சுவடியில், மரக்கால் கணக்கோடு!

காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் தென்னேரி என்றொரு ஊர் இருக்கிறது. ஊர்ப்பெயரே ஏரிதான். மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் 'திரையன் ஏரி'யாக இருந்தது தென்னேரி ஆனது என்பார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களை எல்லாம் 1763-ல் ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 'ஜாகீர்' என்று எழுதிக் கொடுத்தார். வாலாஜாபாத் என்ற பெயரும் அவரால் வந்ததுதான்.

கையில் நிலம் வந்ததும் எந்த வியாபாரியும் என்ன செய்வான்? ஸ்டாக் எடுப்பான். கம்பெனியும் எடுத்தது. தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினீயர் 1767-ல் ஆரம்பித்து 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, யார் யார், என்ன தொழில், எவ்வளவு விளைச்சல், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு... எல்லாம்! ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்த மூலக் கணக்குகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில். காந்தியவாதியும் ஆய்வாளருமான தரம்பால் இவற்றின் அருமையைக் கண்டு வெளியே சொன்னார். அவர் வழியில் ஜிதேந்திர பஜாஜ், எம்.டி. சீனிவாஸ் போன்றவர்கள் ஊர் ஊராக அலசினார்கள். அப்படி அதிகம் பேசப்பட்ட ஊர்களில் ஒன்று உள்ளாவூர். அதுவும் இதே வாலாஜாபாத் பக்கம்தான்.

சரி, கத்திக்கு வருவோம்.

அறுவடை முடிகிறது. களத்தில் நெல் மலையாகக் குவிந்திருக்கிறது. சர்க்காருக்குப் போகிற மேல்வாரம், உழுதவனுக்குப் போகிற குடிவாரம்... இப்படி இரண்டாகப் பிரிப்பார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால், அதற்கும் முன்னால் ஒரு காரியம் நடந்தது. பொதுக் குவியலில் இருந்தே ஊர்ச் செலவுகளுக்கு நெல்லை எடுத்து வைத்துவிட்டார்கள். கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு (ஆமாம், ஏரிக்கும் பங்கு உண்டு! மதகும் கரையும் பழுது பார்க்க வேண்டாமா?), கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, குயவருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு. 'மேரை' என்றும் 'சுதந்திரம்' என்றும் இந்தப் பங்குகளுக்குப் பெயர். இன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக் கொண்டாடுகிறோமே, அதே சொல்தான். அந்தக் கணக்குகளில் அதற்கு அர்த்தம், இன்னாருக்கு உரிமையாகச் சேர வேண்டிய நெல்!

இந்தப் பிடித்தங்களை எல்லாம் கூட்டினால் மொத்த விளைச்சலில் ஏறக்குறைய கால் பங்கு வருகிறது.

கொல்லருக்குக் கிடைத்த இந்த நெல் எதற்கான விலை? கத்திக்கா, கொழுவுக்கா, அரிவாளுக்கா? எதற்கும் இல்லை என்பதுதான் ரசமான விஷயம். ஒரு அரிவாளுக்கு இத்தனை படி என்று யாரும் பில் போடவில்லை. ஊரில் உலை எரிந்துகொண்டிருக்க வேண்டும். உழவு நாளில் கொழு மழுங்கினால் அன்றைக்கே அடித்துக் கொடுக்க ஆள் இருக்க வேண்டும். அதற்குத்தான் நெல். இன்றைய கம்பெனி பாஷையில் 'ஆனுவல் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்'! புதிதாக ஏதாவது செய்ய வேண்டுமா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழக்கம் என்னவென்றால், இரும்பையும் கரியையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பல இடங்களில் துருத்தி ஊதுவதற்கு உங்கள் வீட்டுப் பையனும் கூடவே போக வேண்டும். மேற்கொண்டு ஏதோ கொஞ்சம் தானியம்.

கொல்லரின் மகன் பத்து வயதில் துருத்திக்கு வருகிறான். பதினைந்து வயதில் சம்மட்டி. இருபது வயதுக்குள் அவன் கோணலாக்கிய அரிவாள் எத்தனை, துவைச்சலில் விரிசல் விட்ட கத்தி எத்தனை! அந்த நஷ்டத்தை எந்த ஒரு கத்தியின் தலையிலும் ஏற்றவில்லை. களத்து நெல் அதையும் சேர்த்தே கணக்குத் தீர்த்தது. கற்றுக்கொள்ளும் செலவை ஊரே பங்கு போட்டுக்கொண்டது. அதனால்தான் ஊரில் எல்லோருமே தெரிஞ்சவங்களாக இருந்தும், 'தெரிஞ்சவனுக்கு என்ன விலை' என்று கொல்லர் ஒரு நாளும் நெளிய வேண்டி வரவில்லை.

ஆரம்பம் இன்னும் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் எழுதி வைத்த ஊர்களின் கல்வெட்டுகளைப் பாருங்கள். வரி போடக்கூடிய நிலத்தைக் கணக்கிடும்போது ஊர் நத்தம், கோயில், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு 'கம்மாணசேரி'யையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்கின்றன. கம்மாளர் குடியிருந்த இடத்துக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே வரி கிடையாது.

'ஆஹா, என்ன பொற்காலம்' என்று உடனே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் கசப்பானது. கொல்லருக்கு எத்தனை மரக்கால் என்பதை அவர் கைத்திறமை தீர்மானிக்கவில்லை. பிறப்பு தீர்மானித்தது. பிரமாதமாகக் கத்தி அடிப்பவருக்கும் சுமாராக அடிப்பவருக்கும் அதே பங்கு. மகனுக்கு உலை பிடிக்கிறதா, வேறு ஏதாவது பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. சேரியில் இருந்தவர்களின் உழைப்புக்கு அளந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலும், குவியல் இருந்தால்தானே பங்கு? 1780-ல் ஹைதர் அலியின் படை செங்கல்பட்டுச் சீமைக்குள் புகுந்து துவம்சம் செய்தபோது வயலும் இல்லை, களமும் இல்லை, ஊரில் ஆளும் இல்லை. கொல்லரின் 'சுதந்திரம்' பூஜ்யம் மரக்கால்.

அதற்குப் பிறகு வந்தவர் லயனல் பிளேஸ். பெயர் எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைப் பார்த்ததாகக் கதை சொல்கிறார்களே, அந்த வெள்ளைக்காரக் கலெக்டர் இவர்தான்! 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டர். 1799-ல் அவர் எழுதிய நீண்ட அறிக்கையைப் படித்தால், இந்தப் பங்கு முறை ஒரு வெளிநாட்டு அதிகாரியை எப்படியெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது என்பது புரியும். வரி வசூலிப்பவர் பார்வையில் சர்க்கார் பங்குக்கு முன்னால் கைவைக்கிற ஒவ்வொருவரும் ஒரு ஓட்டைதானே! அடுத்த தலைமுறையில் ரயத்துவாரி வந்தது. தனித்தனிப் பட்டாதார், தனித்தனி வரி, அதுவும் காசாக. பொதுக் குவியல் என்ற ஒன்று கணக்குப் புத்தகத்தில் இருந்து மறைந்தது. பழக்கம் மட்டும் நொண்டிக்கொண்டே ரொம்ப காலம் நடந்தது. 1960-கள் வரைகூடப் பல ஊர்களில் கொல்லருக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். உங்கள் தாத்தா ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

இதே காலத்தில் நம் இரும்புக்கு லண்டனில் ஒரு யோகம் அடித்தது.

தென்னிந்திய உருக்கு, வெள்ளைக்காரர் வாயில் 'உட்ஸ்'. கன்னடத்து 'உக்கு'தான் அப்படி ஆனது என்பார்கள். மண் மூசைக்குள் இரும்புத் துண்டு, கூடவே ஆவாரங்குச்சி, ரெண்டு பச்சை இலை. வாயை அடைத்து மணிக்கணக்கில் ஊதிக் காய்ச்சினால் உள்ளே உருகி உறைந்த உருக்குக் கட்டி. 1800-ல் இந்தப் பக்கங்களில் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன் இந்தச் செய்முறையை வரி விடாமல் குறித்து வைத்திருக்கிறார். பம்பாயில் இருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் 1794-ல் சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவருக்கு அனுப்பினார். அதில் ஒன்று ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் கைக்குப் போனது. அறுவை சிகிச்சைக் கத்தி, சவரக் கத்தி செய்பவர். அடித்துப் பார்த்து அசந்துபோனார். ஐரோப்பாவின் எந்த உருக்கைவிடவும் இதுதான் உசத்தி என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார்!

ஸ்டோடார்ட்டோடு 1818 வாக்கில் ஒரு இளைஞர் சேர்ந்தார். இந்த உருக்கின் ரகசியம் என்ன, இதைப்போல நாமே செய்ய முடியுமா என்று சோதனைகள். பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று எதை எதையோ இரும்போடு கலந்து உருக்கினார்கள். அந்த இளைஞரின் பெயர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், மின்சார ஃபாரடேதான்! அவர் அப்பா ஒரு கொல்லர் என்பது பலருக்குத் தெரியாது.

சில வருடச் சோதனையில் உலகத்தைப் புரட்டிப்போடுகிற உருக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை. 1823-ல் ஸ்டோடார்ட் இறந்தார், கொஞ்ச காலத்தில் வேலையும் நின்றது. ஆனால், அந்தக் கலவை உருக்கில் சவரக் கத்திகள் செய்தார்களே, அவற்றை ஃபாரடே என்ன செய்தார் தெரியுமா? நண்பர்களுக்குக் கொடுத்தார். சும்மா! ஜெனீவாவில் இருந்த விஞ்ஞானி நண்பருக்குக்கூட அனுப்பினார். ஃபாரடேயின் 79 உருக்குத் துண்டுகள் ஒரு பெட்டியில் அப்படியே கிடந்து, நூறு வருடம் கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற உலோகவியல் நிபுணர் அவற்றை ஆராய்ந்து 1931-ல் புத்தகமே போட்டார்.

ஃபாரடே தாராளப் பிரபுவா? இல்லை. அவருடைய உலை, கரி, சம்பளம் எல்லாவற்றையும் ராயல் இன்ஸ்டிட்யூஷன் பார்த்துக்கொண்டது. உடைந்தவற்றின் கணக்கை வேறு யாரோ தீர்த்துவிட்டால், நண்பனுக்கு இலவசமாகக் கொடுப்பது சுலபம். செங்கல்பட்டுக் களத்து நெல் செய்த வேலையைத்தான் லண்டனில் ஒரு சங்கம் செய்தது.

நம்ம பக்கத்தில் அந்தக் கொடுப்பினை இல்லாமல், காசு விலைக்கே நின்று காட்டியவர் சேலத்து அருணாசலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. காட்டுப்பன்றி வேட்டை, துரைமார்களின் பைத்தியக்கார விளையாட்டு. அதற்கு ஈட்டி முனை வேண்டும், இடுப்பில் செருக வேட்டைக் கத்தி வேண்டும். அவுரங்காபாத்தில் ஒருவர், சேலத்தில் அருணாசலம் என்று துரைமார்களின் வேட்டைப் புத்தகங்கள் சிபாரிசு செய்தன. ஆங்கில எழுத்தில் தன் பெயரையும் ஊரையும் கத்தியிலேயே முத்திரை குத்தினார். துரைமார் உச்சரிப்புக்கு ஏற்ப 'அர்னாச்செல்லம், சேலம்'! அந்தக் கத்திகள் இன்றும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் கை மாறிக்கொண்டிருக்கின்றன. அருணாசலத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வாங்க வந்தவர் யாரும் மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. கறாராக விலை சொல்லலாம். 'நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுக் குடு' என்று எந்தத் துரையும் கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் எத்தனை பேர் அருணாசலம் ஆக முடியும்? களத்து நெல்லும் குறைந்து, துரைமார் ஆர்டரும் இல்லாத கொல்லர்களின் எதிரில், சந்தையில் ஷெஃபீல்டு பேனாக்கத்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

பொழுதுபோக்காக ஆரம்பித்தவர் கதை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 'போ' ராண்டால் என்று ஒருவர். தொழில், ஆரஞ்சுத் தோட்டம். 1930-களில் ஒரு நாள், ஒரு ஆள் படகில் இருந்து பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டுவதைப் பார்த்தார். அத்தனை முரட்டு வேலைக்கும் முனை மழுங்கவில்லை. வில்லியம் ஸ்கேகல் என்பவர் கையால் அடித்த கத்தி. அதை விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், 1937-ல் கார் ஸ்பிரிங் பட்டையில் தானே ஒரு கத்தி செய்தார். பார்த்த நண்பர்கள் 'எனக்கு ஒண்ணு' என்றார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்குப் போகிற பையன் ஒருவன் சண்டைக் கத்தி கேட்டான், அவன் மூலம் அடுத்தவன், பிறகு கடுதாசி மூலம் ஊர் பேர் தெரியாத சிப்பாய்கள். அந்தப் பட்டறை இன்றும் நடக்கிறது. ஆர்டர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ராண்டாலின் பழகுகாலக் கணக்கை அவருடைய ஆரஞ்சு மரங்கள் கட்டின என்றுதான் நான் சொல்வேன்.

கத்தியை இனாமாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று இங்கிலாந்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு பென்னியாவது கொடுத்துவிட வேண்டும். நாமும் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, கீழே வைத்தால்தான் எடுப்போம். நட்புக்கும் கத்திக்கும் நடுவில் ஏதோ ஒரு சிக்கல் இருப்பது ஊர் உலகத்துக்கே தெரிந்திருக்கிறது!

சரி, உங்கள் நண்பர் என்ன விலை சொல்லலாம்? இதற்கும் காஞ்சிபுரத்துக்கே போகலாம். பட்டு நெசவாளர் பலர் சேலை விற்பதில்லை. பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வருகிறது. நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. பழைய கொல்லரின் 'இரும்பு உன்னுடையது, கை என்னுடையது' ஏற்பாடும் இதுதான். நண்பரிடம் போகும்போது பட்டையும் மரமும் பெல்ட்டும் நீங்கள் வாங்கிப் போங்கள். இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். உடைந்த மூன்றின் கணக்கு அவருடைய சம்பளத்தில் போகட்டும், ஏனென்றால் அவருக்குச் சம்பளம் இருக்கிறது. சம்பளமே இல்லாமல் உலையை நம்பி மட்டும் இறங்கிய இளைஞர் என்றால் நான் இந்த யோசனையைச் சொல்லவே மாட்டேன். அவர் 3,000 கேட்டால் 3,000 கொடுப்பதுதான் நியாயம்.

பரம்பரையாகச் செய்கிறவர்கள் நிலைமை வேறு. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் பட்டறைகள் தலையில் 2021-ல் இன்னொரு வேலை விழுந்தது. தொடர் கொலைகளைத் தொடர்ந்து, அரிவாள் கத்தி வாங்குகிறவர் பெயர், விலாசம், எதற்கு வாங்குகிறார் என்று எழுதி வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்று போலீஸ் சொன்னது. காரணம் புரிகிறது. ஆனால் அந்த கேமராவின் விலையும் இனி அரிவாளின் அடக்க விலையில்தானே சேரும்?

நெடுஞ்சாலை ஓரம் பார்த்திருப்பீர்கள். வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் தரையில் குழி தோண்டி உலை போட்டிருப்பார்கள். கணவர் பட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்ட, மனைவி சம்மட்டியை ஓங்கி அடிப்பார். ஓரத்தில் எட்டு வயசுப் பிள்ளை காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் ஊரில் அவர்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லை, களமும் இல்லை, பங்கும் இல்லை. அரிவாளுக்கு 400 என்பார்கள். நாம் 200-ல் ஆரம்பித்து 250-க்கு முடித்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறோம். அந்தப் பிள்ளை இனிமேல் உடைக்கப்போகிற இரும்பின் கணக்கு, நாம் குறைத்த அந்த 150 ரூபாய்க்குள் இருந்தது.